அணில் இல்லீங்க, அணத்தான்!

ஏற்காட்டில் ஒரு பிராணி இருக்கிறது. 20 கொண்டை ஊசி வளைவுகளையும் வாந்தியெடுக்காமல் தாண்டி, ஏரியில் படகு மிதித்து, லேடீஸ் சீட்டிலிருந்து சேலத்து விளக்குகளை போட்டோ பிடித்து, மிளகாய் பஜ்ஜியும் தின்று முடித்த டூரிஸ்ட் மகாஜனங்கள் எப்போதாவது காப்பித் தோட்டத்து ஓரத்தில் அதைப் பார்ப்பார்கள். 'அட, அணிலு!' என்பார்கள். அடுத்த பிளேட் பஜ்ஜிக்குப் போய்விடுவார்கள்.

அவர்கள் மேல் தப்பில்லை. அதே சைஸ், அதே பரபரப்பு, அதே புசுபுசு வால். கொஞ்சம் நின்று பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். முதுகில் ராமர் தடவிய மூன்று கோடு இருக்காது. தோளில் மட்டும் வெளிறிய ஒரு சின்னக் கீற்று. மூஞ்சி மூஞ்சூறு மாதிரிக் கூராக நீண்டிருக்கும். அணில் மரத்தில் குடியிருக்கும். இது பெரும்பாலும் தரையில், பாறை இடுக்கில், சருகைக் கிளறிப் பூச்சி தேடிக்கொண்டிருக்கும்.

பெயர், மூங்கில் அணத்தான். அணிலும் இல்லை, மூஞ்சூறும் இல்லை. சென்னை மாகாணத்தில் சிவில் சர்வீஸில் இருந்த சர் வால்டர் எலியட் என்கிற துரையின் பெயரை இதற்கு வைத்தார்கள். 1913-ல் லயன் என்ற அமெரிக்கர் வந்து, இதற்கென்று தனிப் பேரினம் ஒன்றை ஏற்படுத்தி, அதற்கு நம் தமிழ்ப் பெயரையே லத்தீனாக்கிச் சூட்டினார். 'அனதானா எல்லியோட்டி'. உலகத்து விலங்கியல் புத்தகங்களில் எல்லாம் சத்தமில்லாமல் ஒரு தமிழ் வார்த்தை உட்கார்ந்திருக்கிறது. நம் ஆட்கள் இதற்கு ஏன் இன்னும் ஒரு விழா எடுக்கவில்லை என்று தெரியவில்லை!

ஒரு காலத்தில் இந்த வகையறாவைக் குரங்கு ஜாதியோடு சேர்த்து வைத்திருந்தார்கள். அப்புறம் பிரித்துத் தனி வரிசை கொடுத்துவிட்டார்கள். ஆனாலும் சொந்தம் ரொம்ப தூரமில்லை. எலியை விட நமக்குக் கிட்டத்து உறவு என்று வாதிடுகிறவர்கள் உண்டு.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இந்த ஏற்காட்டு அணத்தானுக்கு மலேயா, பர்மா, தாய்லாந்து பக்கம் ஒன்றுவிட்ட சகோதரர்கள் இருக்கிறார்கள். துபாயா என்று பெயர். மலாய் மொழியில் 'துபாய்' என்றால் அணில். அங்கேயும் அதே கதைதான்! அந்த துபாயாவுக்கும் என் மூக்கின் மேல் உட்கார்ந்திருக்கும் கண்ணாடிக்கும் நேரடி சம்பந்தம் உண்டு. உங்கள் மூக்கின் மேலும் ஒன்று இருந்தால், உங்களுக்கும்.

என் பவர் இடது கண்ணுக்கு மைனஸ் ஆறரை, வலதுக்கு ஆறு. கண்ணாடியைக் கழற்றினால் எதிரே வருவது மேனேஜரா, தூணா என்று தெரியாது. (சில நாட்களில் மாட்டியிருக்கும்போதும் தெரிவதில்லை, அது வேறு விஷயம்.) ஆறாம் வகுப்பில் முதல் கண்ணாடி வந்தபோது வீட்டில் கமிஷன் உட்கார்ந்து விசாரித்தார்கள். அப்பா, "எல்லாம் அந்த டி.வி. பண்ற வேலை" என்றார். அம்மா, "பொன்னாங்கண்ணிக் கீரையைத் தொட்டானா?" என்றாள். பாட்டி, "படுத்துண்டு படிக்காதேன்னு தலைபாடா அடிச்சுண்டேன்" என்றாள். தாத்தா எதுவும் பேசவில்லை. அவர் கண்ணாடியும் சோடா பாட்டில்.

நாலு பேரில் யார் சொன்னது சரி? கண்டுபிடிக்க ஒரே வழி, நூறு குழந்தைகளைப் பிடித்து பாதிப் பேரை டி.வி. முன்னாலும் பாதிப் பேரை வயலிலும் பத்து வருஷம் கட்டிப்போட்டு வளர்ப்பது. எந்தப் பெற்றோரும் சம்மதிக்க மாட்டார்கள். அதனால்தான் பிராணிகள் உள்ளே வந்தன.

அதற்கு முன்னால் கிட்டப்பார்வை என்றால் என்ன என்று இரண்டு வரியில். டூரிங் டாக்கீஸ் ஞாபகம் இருக்கிறதா? ப்ரொஜெக்டரை ஜோராக ஃபோகஸ் பண்ணி வைத்தபின், யாரோ திரையை மட்டும் நாலடி பின்னால் தள்ளிக் கட்டிவிட்டால் என்ன ஆகும்? எம்.ஜி.ஆர். புகை மண்டலமாகத் தெரிவார். கண்ணுக்குள் திரை என்பது விழித்திரை. பிறக்கும்போது நம் கண்ணின் நீளம் சுமார் 17 மில்லிமீட்டர். வளர்ந்தபின் சுமார் 24. அதற்கு மேல் ஒரு மில்லிமீட்டர் நீண்டால் போதும், ஏறக்குறைய மைனஸ் இரண்டரை, மூன்று வந்துவிடும். என் கண் ஒரு நெல்மணிப் பருமன் அதிகமாக நீண்டுவிட்டது. அவ்வளவுதான் கேஸ். ஆக, 'ஏன் கண் கெட்டது' என்பது கேள்வியே இல்லை. 'கண்ணுக்கு எங்கே நிறுத்துவது என்று யார் சொல்கிறார்கள், என் விஷயத்தில் ஏன் சொல்லவில்லை' என்பதுதான் கேள்வி.

முதலில் மாட்டியது குரங்கு. 1961-ல் பிரான்சிஸ் யங் என்ற அமெரிக்கர், குரங்குகளைக் கிட்டத்துப் பொருள்கள் மட்டுமே தெரியும்படி மூடிய இடத்தில் உட்கார வைத்துப் பார்த்தார். கொஞ்சம் கிட்டப்பார்வை பக்கம் சாய்ந்தன. பாட்டி கட்சிக்கு முதல் ஓட்டு.

பெரிய வெடி 1977-ல். ஹார்வர்டில் டார்ஸ்டன் வீசல், எலியோ ரவியோலா இருவரும் குட்டிக் குரங்குகளின் இமைகளைத் தைத்து மூடினார்கள். பார்வை இல்லாமல் மூளை எப்படி வளர்கிறது என்று பார்க்கிற வேலை அந்த ஆய்வகத்தில் நெடுநாளாக நடந்துவந்தது. அந்த வேலைக்குத்தான் வீசலுக்கு 1981-ல் நோபல் பரிசே கிடைத்தது. தையலைப் பிரித்தபோது கண் நீண்டு போயிருந்தது. அப்பட்டமான கிட்டப்பார்வை. இமை அழுத்தியதால் நீண்டதோ என்று சந்தேகம் வராதா? இமையைத் தைத்த குரங்கைக் கும்மிருட்டில் வளர்த்துப் பார்த்தார்கள். நீளவில்லை. அழுத்தம் காரணமாயிருந்தால் இருட்டிலும் நீண்டிருக்க வேண்டுமே! தைத்த இமை வழியே கசிகிற, உருவமில்லாத, மங்கல் வெளிச்சம்தான் கண்ணை நீட்டியிருக்கிறது.

அந்தக் காலத்தில் உலக ஆய்வகங்களுக்கு ரீசஸ் குரங்குகளைக் கூண்டு கூண்டாக அனுப்பிக்கொண்டிருந்தது நம் நாடு. 1978-ல்தான் ஏற்றுமதிக்குத் தடை வந்தது.

அதே 1978-ல் நியூயார்க் சிட்டி காலேஜில் ஜோஷ் வால்மன் என்பவர் கோழிக்குஞ்சுகளைப் பிடித்தார். குஞ்சு பொரித்த கையோடு கண் மேல் மங்கலான பிளாஸ்டிக் மூடி. இரண்டு மூன்று வாரத்தில் மைனஸ் 10, 15! நான் பத்து வருஷம் கஷ்டப்பட்டு சம்பாதித்ததை ஒரு கோழிக்குஞ்சு பதினைந்து நாளில் தாண்டிவிட்டது.

இங்கே ஒன்று கவனியுங்கள். கோழிக்குஞ்சு படுத்துக்கொண்டு படிக்கவில்லை. டி.வி. பார்க்கவில்லை. அதன் தாத்தா சோடா பாட்டில் கண்ணாடி போட்டிருக்கவில்லை. கீரை, தானியம் எல்லாம் வேளாவேளைக்கு வந்தது. எங்கள் வீட்டுக் கமிஷனின் அத்தனை சாட்சிகளும் காலி.

வால்மன் அத்தோடு விடவில்லை. 1987-ல் வந்த இரண்டு சோதனைகள்தான் என்னை அசரடித்தவை. ஒன்று, கண்ணின் பாதியை மட்டும் மறைக்கிற மூடி. விழித்திரையில் எந்தப் பாதி மங்கலாகப் பார்த்ததோ, கண் உருண்டையில் அந்தப் பாதி மட்டும் பின்னால் புடைத்தது. இன்னொன்று, கண்ணிலிருந்து மூளைக்குப் போகிற நரம்பையே வெட்டிவிட்டு மூடி போடுவது. அப்போதும் கண் நீண்டது! அதாவது, எவ்வளவு வளரலாம் என்று தீர்மானிக்க அது மூளையிடம் ஃபைல் அனுப்பிக் காத்திருப்பதில்லை. டெல்லியைக் கேட்காமல் ஊர்ப் பஞ்சாயத்தே தீர்மானம் போட்டு ரோடு போடுகிற மாதிரி, அந்தந்த வார்டு அந்தந்த இடத்தில் வேலையை முடித்துவிடுகிறது.

அடுத்த வருஷம், 1988-ல், ஃப்ராங்க் ஷாஃபெல் என்ற ஜெர்மானியரும் கூட்டாளிகளும் குஞ்சுகளுக்கு நிஜமாகவே கண்ணாடி மாட்டினார்கள். மைனஸ் லென்ஸ் போட்டால் பிம்பம் விழித்திரைக்குப் பின்னால் போய் விழும். கண் என்ன செய்கிறது? பஸ்ஸைத் துரத்துகிற மாதிரி நீண்டு போய் அதைப் பிடிக்கிறது. ப்ளஸ் லென்ஸ் போட்டால் பிம்பம் முன்னால் விழும். கண் வளர்ச்சியை மட்டுப்படுத்திக்கொண்டு காத்திருக்கிறது. பவர் கூடக் கூட, நீளமும் கூட. வளர்கிற பையனுக்கு உடம்பைப் பார்த்துச் சட்டை தைக்கிற டெய்லர் உண்டு. சட்டையைப் பார்த்து உடம்பைத் தைத்துக்கொள்கிற கண்ணை இப்போதுதான் பார்க்கிறேன். பிற்பாடு, 2005-ல், வால்மன் குழுவினர் கணக்குப் பார்த்தார்கள். பிம்பம் முன்னால் விழுகிறதா, பின்னால் விழுகிறதா என்று கண் கண்டுபிடிக்கப் பத்து நிமிஷம் போதுமாம். எங்கள் ஆபீஸில் பத்து நிமிஷத்தில் ஃபைல் கட்டியிருக்கும் நாடாவைக்கூட அவிழ்க்க முடியாது.

'சரி சார், கோழி கோழிதானே? மனுஷனுக்கு எப்படிப் பொருந்தும்?' நியாயமான கேள்வி. இங்கேதான் அணத்தான் குடும்பம் வருகிறது.

கோழியின் கண்ணில், வெளிப்பக்கம் இருக்கிற வெள்ளை ஓட்டில், குருத்தெலும்பு இருக்கிறது. நமக்கு இல்லை. அதனால் கோழிக் கண் நீள்கிற விதமும் நம் கண் நீள்கிற விதமும் ஒன்றாக இருக்க முடியாது. சுண்டெலிக்கோ ராத்திரி ஜீவனம், கடுகளவு கண். துபாயா பகலில் நடமாடுவது. அதன் விழித்திரையில் பெரும்பாலும் பகல் வெளிச்சத்துக்கான, நிறம் பார்க்கிற செல்கள். வெள்ளை ஓடு நம்முடையது மாதிரியே நாரால் ஆனது. 1977-லேயே ஷெர்மன், நார்ட்டன், காசக்ராண்டே என்ற மூவர் இமை தைத்த துபாயாவுக்கும் கிட்டப்பார்வை வருகிறது என்று எழுதிவிட்டார்கள். அந்த தாமஸ் நார்ட்டன் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் உட்கார்ந்துகொண்டு அடுத்த பல பத்தாண்டுகள் துபாயா துபாயா என்றே காலத்தைக் கழித்தார்.

அணில் சைஸ் பிராணிக்குக் கண்ணாடி எப்படி நிற்கும்? காதில் மாட்ட முடியாது. பல் டாக்டர்கள் உபயோகிக்கிற சிமென்ட்டால் மண்டை மேல் ஒரு சின்னப் பீடம் கட்டி, அதில் ஃப்ரேமைப் பொருத்துவார்கள். மைனஸ் 5 லென்ஸ் மாட்டினால் இரண்டு வாரத்துக்குள் கண் அந்த அளவுக்கு நீண்டு, லென்ஸோடு பார்த்தால் தெளிவு, கழற்றினால் மைனஸ் 5 என்று ஆகிவிடும்.

எப்படி நீள்கிறது என்பதுதான் ருசிகரம். புதிதாகச் சதை போட்டு அல்ல. வெள்ளை ஓட்டிலிருந்து சரக்கு குறைந்து, நார்களின் பிடி தளர்ந்து, நாலு வருஷம் போட்ட பனியன் மாதிரி அது தொளதொளத்துப் போகிறது. உள்ளே எப்போதும் இருக்கிற சாதாரண அழுத்தத்துக்கே மெல்ல மெல்ல நெகிழ்ந்து கொடுக்கிறது. இளம் பிராணிக்கு லென்ஸைக் கழற்றிவிட்டால் ஓடு மறுபடி இறுகிக்கொள்ளும். இன்னொரு விஷயம்: தினமும் ஒரு மணி நேரம் போல லென்ஸைக் கழற்றி, சாதாரணமாகப் பார்க்க விட்டால், மீதி நேரமெல்லாம் மாட்டியிருந்தாலும் கிட்டப்பார்வை கணிசமாகக் குறைகிறது. கண் கெட்டதையும் நல்லதையும் சரிசமமாகக் கூட்டிக் கழிப்பதில்லை. கொஞ்ச நேரத்து நல்ல பார்வைக்கு அதிக மார்க் போடுகிறது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வருகிறது.

இதையெல்லாம் படித்துவிட்டுத்தான் நான் போன வருஷம் ஏற்காட்டுக்குப் போனேன். ஆபீஸ் நண்பர்கள் நாலு பேர், இரண்டு நாள் லீவு. அவர்கள் பத்து மணி வரை தூங்கினார்கள். நான் ஆறரைக்கே கிளம்பித் தங்கியிருந்த இடத்துக்குப் பக்கத்து எஸ்டேட்டுக்குள் போனேன். 1820-களில் சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் துரை கொண்டுவந்த காப்பி இன்றைக்கும் சேர்வராயன் மலை முழுக்க சில்வர் ஓக் மர நிழலில் நிற்கிறது, மரத்தில் மிளகுக் கொடி ஏற. எஸ்டேட் மேஸ்திரி ஒருவர் துணைக்கு வந்தார். முக்கால் மணி நேரம் ஒன்றுமில்லை. பிறகு ஒரு பாறைப் பக்கம் சருகு சலசலத்தது.

"அதுங்களா? அணிலுங்க. கொஞ்சம் மூஞ்சி நீண்ட அணிலு" என்றார் மேஸ்திரி.

"அணில் இல்லீங்க ஐயா, அணத்தான்."

"ஓ... எங்க அப்பாரு அப்பிடித்தான் ஏதோ சொல்வாருங்க. இப்பப் பசங்களுக்கு வாலு இருந்தாப் போதும், எல்லாம் அணிலுதான்." கொஞ்ச நேரம் பார்த்தார். "இதைப் பார்க்கவா சார் அவ்ளோ தொலைவு வந்தீங்க?"

வெளிநாட்டில் இதன் சொந்தக்காரனுக்குக் கண்ணாடி போட்டு ஆராய்ச்சி பண்ணுகிறார்கள் என்று சொன்னேன். "அணிலுக்குக் கண்ணாடியா! எந்தக் கடையிலீங்க?" என்று வாய்விட்டுச் சிரித்தார். சிரிப்பு நின்றதும், "புடிச்சு அடைச்சு வச்சுத்தானே பண்ணுவாங்க?" என்று கேட்டார்.

"ஆமாங்க."

"அப்புறம் விட்டுருவாங்களா?"

இல்லை. விடுவதில்லை. கண்ணை வெட்டிப் பார்த்தால்தான் ஓடு எவ்வளவு மெலிந்தது என்று தெரியும். சோதனை முடிகிறபோது பிராணியும் முடிந்துவிடும். நான் சொன்னதும் மேஸ்திரி ஒன்றும் சொல்லவில்லை. அணத்தான் ஒரு மரத்தில் விறுவிறுவென்று ஏறி, உடம்பைச் சுத்தம் பண்ணிக்கொண்டு, அடிமரத்தோடு உடம்பை உரசியபடி சறுக்கிக்கொண்டு இறங்கியது. இதன் வழக்கம் அது. வாசனை விட்டு வைக்கத்தான் அப்படிச் சறுக்குகிறது என்கிறார்கள். பார்க்கக் குழந்தை சறுக்குமரம் விளையாடுகிற மாதிரி இருக்கும்.

எனக்கு இதில் ஒரு கருத்து உண்டு. இமை தைத்த குரங்குக்குட்டியின் படத்தைப் பார்த்தால் அன்றைக்குச் சோறு இறங்காது. அப்படிப்பட்ட வேலை இன்றைக்கு அனுமதிக் குழு இல்லாமல் எங்கும் நடக்காது. நம் நாட்டிலும் பிராணிகள் மீதான சோதனைக்குக் கமிட்டி, அனுமதி எல்லாம் உண்டு. இருந்தாலும் செய்தது செய்ததுதான். அதிலிருந்து வந்த பலனை எடுத்துக்கொண்டு, பாதியிலேயே கோட்டை விடுவதுதான் எனக்குப் பெரிய பாவமாகப் படுகிறது. பலன் வந்ததா என்றால், வந்தது.

முதல் பலன் சொட்டு மருந்து. அட்ரோபின் என்று ஒரு சரக்கு. நம் ஊமத்தையிலும் இருக்கிறது. (உடனே ஊமத்தங்காயைக் கசக்கிக் கண்ணில் விட்டுவிடாதீர்கள். கண் மட்டுமல்ல, ஆளே போய்விடுவீர்கள்.) அட்ரோபின் விட்டால் குழந்தைகளுக்குக் கிட்டப்பார்வை ஏறுவது குறைகிறது என்று வெகுகாலமாகத் தெரியும். கண்ணுக்குள் ஃபோகஸ் பண்ணுகிற தசையை அது மரத்துப்போகச் செய்கிறது, அதனால்தான் என்று எல்லோரும் நம்பினார்கள். 1993-ல் மெக்பிரையன் குழு கோழிக்குக் கொடுத்தது. கோழியின் ஃபோகஸ் தசை வேறு ஜாதி; அட்ரோபினுக்கு மசியாது. ஆனாலும் கிட்டப்பார்வை குறைந்தது. தசைக் கதை அன்றோடு சரிந்தது. தசையை மரத்துப்போக வைக்கவே வேண்டாம் என்றால் எதற்கு முழு டோஸ்? 2012-ல் சிங்கப்பூரில் குழந்தைகளுக்கு நூறில் ஒரு பங்கு டோஸ் வைத்துப் பார்த்த ஆராய்ச்சியும், 2019-ல் ஹாங்காங்கில் வந்த ஆராய்ச்சியும் இன்றைக்கு டாக்டர்கள் எழுதித் தருகிற நீர்த்த சொட்டு மருந்துக்கு வழி விட்டன.

இரண்டாவது பலன் கண்ணாடியே. ஹூஸ்டனில் ஏர்ல் ஸ்மித் என்பவர், 2005-லிருந்து வெளியிட்ட சோதனைகளில், குரங்கின் விழித்திரை நடுவில் உள்ள கூர்மையான புள்ளியை லேசரால் அழித்த பிறகும் கண் தன் நீளத்தைச் சரிபார்த்துக்கொள்வதைக் காட்டினார். அதாவது, வளர்ச்சி விஷயத்தில் ஓரப் பார்வைக்கும் ஓட்டுரிமை உண்டு. இப்போது நடுவில் சாதாரண பவரும், சுற்றிலும் பொடிப் பொடி லென்ஸ்களுமாக ஓரத்துப் பிம்பத்தை விழித்திரைக்கு முன்னால் விழவைக்கிற கண்ணாடிகள் வந்துவிட்டன. ஹாங்காங் பாலிடெக்னிக் பல்கலைக்கழகத்தின் இரண்டு வருஷ ஆராய்ச்சி 2020-ல் வந்தது. கிட்டப்பார்வை ஏறும் வேகம் ஏறத்தாழப் பாதி. விலை கொஞ்சம் கையைக் கடிக்கும்.

மூன்றாவது பலனுக்குக் காசே இல்லை. அதனால்தானோ என்னவோ யாரும் மதிப்பதில்லை.

அன்று திரும்பி வருகிற வழியில் மேஸ்திரி சொன்னார். "எனக்கு அறுபத்திரெண்டு ஆச்சுங்க. அதா, அந்தப் பாறை மேல காக்கா உக்காந்தா இங்கிருந்தே சொல்லிப்புடுவேன். எம் பேரன் சேலத்துல ஆஸ்டல்ல படிக்கிறான். ஏழாவதுலயே கண்ணாடி."

ஒரு தாத்தா, ஒரு பேரனை வைத்து விஞ்ஞானம் பேசக் கூடாது. ஆனால் 2008-ல் ஆஸ்திரேலியாவின் கேத்ரின் ரோஸ் குழு வெளியிட்ட கணக்கு இதே கதைதான். சீன வம்சாவளியைச் சேர்ந்த ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகள். சிங்கப்பூரில் வளர்ந்தவர்களில் 29 சதவிகிதத்துக்குக் கிட்டப்பார்வை. சிட்னியில் வளர்ந்தவர்களில் 3 சதவிகிதம் சொச்சம். ஒரே வம்சம், படிப்பிலும் சிட்னிப் பிள்ளைகள் குறைச்சல் இல்லை. பெரிய வித்தியாசம் ஒன்றுதான்: சிட்னிப் பிள்ளை வாரத்துக்குச் சுமார் 14 மணி நேரம் வீட்டுக்கு வெளியே. சிங்கப்பூர்ப் பிள்ளை 3 மணி.

ஏன்? மறுபடி கோழி. 2009-ல் ஷாஃபெல் ஆய்வகத்தில் ரீகன் ஆஷ்பி, மங்கல் மூடி போட்ட குஞ்சுகளுக்குத் தினமும் சில மணி நேரம் 15,000 லக்ஸ் வெளிச்சம் காட்டினார். கிட்டப்பார்வை வெகுவாக மட்டுப்பட்டது. வகுப்பறையிலும் ஆபீஸிலும் ட்யூப்லைட் தருவது சில நூறு லக்ஸ். வெளியே உச்சி வெயில் ஒரு லட்சம் வரை போகும். மர நிழலில் நின்றாலே ஆயிரக்கணக்கில் கிடைக்கும். வெளிச்சம் பட்டால் விழித்திரையில் டோபமைன் என்ற ரசாயனம் சுரக்கிறது. மங்கல் மூடி போட்ட குஞ்சின் விழித்திரையில் அது குறைந்துபோகிறது என்று 1989-லேயே கண்டுவிட்டார்கள். வளர்ச்சிக்கு பிரேக் போடுகிறவர்களில் அந்த ஆசாமியும் ஒருவர்.

சீனாவில் குவாங்ஜோ நகரத்துப் பள்ளிக்கூடங்களில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளைத் தினமும் கூடுதலாக 40 நிமிஷம் வெளியே விட்டுப் பார்த்தார்கள். 2015-ல் முடிவு வந்தது. மூன்று வருஷத்தில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள், வெளியே போன பிள்ளைகளில் 30 சதவிகிதம். போகாதவர்களில் 40-க்குச் சற்றுக் குறைவு. வெறும் 40 நிமிஷம்! துபாயாவுக்குத் தினம் ஒரு மணி நேரம் லென்ஸைக் கழற்றியது ஞாபகம் வருகிறதா? டெல்லிப் பள்ளிகளில் எய்ம்ஸ் டாக்டர்கள் நடத்தி 2015-ல் வெளியான ஆய்வில் 13 சதவிகிதப் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை. அங்கேயும் தினம் இரண்டு மணிக்கு மேல் வெளியே இருந்த பிள்ளைகளிடம் குறைவுதான்.

நம் பள்ளிக்கூடங்களில் பி.டி. பீரியடைக் கடன் வாங்கிக் கணக்கு நடத்துகிற வழக்கம் யார் ஆரம்பித்தது? நான் படித்த பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் பி.டி. பீரியட் இருந்ததாக டைம்டேபிளில் மட்டும் பார்த்திருக்கிறேன்.

பிராணிகள் எல்லாம் ஒரே குரலில் பேசுகின்றன என்று நினைத்துவிடாதீர்கள். குரங்குக்கு மங்கல் மூடியால் வருகிற கிட்டப்பார்வையைப் பலத்த வெளிச்சம் குறைத்தது; மைனஸ் லென்ஸால் வருவதை அதே வெளிச்சம் அசைக்கவில்லை. சிவப்பு விளக்கு இன்னும் பெரிய கூத்து. சிவப்பு வெளிச்சத்தில் வளர்ந்த கோழிக்குக் கிட்டப்பார்வை பக்கம் சாய்வு. துபாயாவும் குரங்கும் நேர் எதிர். கண் வளர்ச்சி குறைந்துபோனது. அலபாமாவில் 2017-ல் துபாயாவில் இதை உறுதிப்படுத்தினார்கள். சீனாவிலோ குழந்தைகளைத் தினம் இரண்டு வேளை, மூன்று நிமிஷம், ஒரு சிவப்பு ஒளிப்பெட்டிக்குள் பார்க்க வைக்கிற வைத்தியமே வந்துவிட்டது. 2022-ல் வந்த ஆராய்ச்சி, பலன் உண்டு என்றது. 2023-ல், அப்படிப் பார்த்த ஒரு 12 வயதுச் சிறுமிக்கு விழித்திரை பாதித்ததாக மருத்துவ இதழில் செய்தி வந்தது. யாராவது உங்கள் ஊரில் 'சிவப்பு லைட் ட்ரீட்மென்ட்' என்று போர்டு மாட்டினால் அவசரப்பட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள்.

'இதெல்லாம் குழந்தைகளுக்கு சார், எங்களுக்கு?' என்று கேட்கிற பிரம்மச்சாரி வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. இருபதுகளில் பெரும்பாலும் வளர்ச்சி நின்றுவிடும். நீண்ட கண் நீண்டதுதான். மொட்டை மாடியில் நாள் முழுக்க நின்றாலும் சுருங்காது. 'லேசிக் பண்ணிட்டேன், பவர் ஜீரோ' என்று பெண் பார்க்கப் போகிற இடத்தில் பெருமையாகச் சொல்லலாம். ஆனால் லேசிக் கண்ணின் முன்பக்கக் கண்ணாடியைத்தான் செதுக்குகிறது. பின்னால் இழுபட்டு மெலிந்த விழித்திரை அப்படியே இருக்கிறது. மைனஸ் 6, 7 என்று இருப்பவர்களுக்கு விழித்திரை கிழிகிற, பிரிகிற ஆபத்து மற்றவர்களை விட அதிகம். திடீரென்று கண்ணுக்குள் மின்னல் வெட்டினால், கொசுக்கூட்டம் மாதிரிக் கரும்புள்ளிகள் பறந்தால், ஓரத்தில் திரை விழுந்த மாதிரி இருந்தால், 'மாசக் கடைசி, ஒண்ணாம் தேதிக்கு மேல பார்த்துக்கலாம்' என்று இருக்காதீர்கள். அன்றைக்கே கண் டாக்டரிடம் போய், கண்மணியை விரிய வைத்துப் பார்த்துவிடுங்கள். நான் வருஷத்துக்கு ஒரு தடவை பார்த்துக்கொள்கிறேன். அன்று மதியம் ஆபீஸுக்கு லீவு போட உண்மையான காரணம் கிடைப்பது கூடுதல் லாபம்.

என் அக்கா பையனுக்கு எட்டு வயது. போன ஜூனில் மைனஸ் ஒன்று என்றார்கள். அக்கா போனில் அழுதாள். நான் கோழி, குரங்கு, அணத்தான் எல்லாம் சொல்லி, தினம் இரண்டு மணி நேரம் வெளியே விடச் சொன்னேன். "ரெண்டு மணி நேரமா? அபாகஸ் இருக்குடா, ஹிந்தி இருக்கு, கீபோர்டு இருக்கு" என்றாள். ஒரு வாரம் பேச்சுவார்த்தை நடந்தது. கடைசியில் ஹிந்தி டீச்சரைச் சம்மதிக்க வைத்து டியூஷனை மொட்டை மாடிக்கு மாற்றிவிட்டாள். கீபோர்டு ரத்து, பதிலுக்குத் தெரு கிரிக்கெட். அபாகஸில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்கிறாள். டிசம்பரில் அடுத்த செக்கப். "பவர் ஏறியிருந்தா உன் கோழியைத்தான் கேட்பேன்" என்று சொல்லி வைத்திருக்கிறாள்.